இருவர் அமர ஓர் இருக்கை

இல்லறத் திண்ணை



மழைக்காலம் ஓய்ந்து அக்டோபர் பிறந்துவிட்டால், நகரங்களிலுள்ள நம்முடைய சபைகளில் குடும்ப முகாம்களைக் குறித்த அறிவிப்புகள் கேட்கத் தொடங்கும். மும்பையிலும் புனேயிலும் வாழும் நம் ஜனங்கள் லோனாவாலாவுக்கு அருகிலுள்ள பாவனா அணைக்கரைக்கும், கர்ஜத்துக்கும், மாத்தேரானுக்கும் புறப்படுவார்கள். இம்மாதம் நமக்கு வந்த கடிதங்களில் ஒன்று அப்படிப்பட்ட ஒரு முகாமைக் குறித்தது. மும்பையின் புறநகரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்கள்:

“ஐயா, எங்கள் சபையார் பாவனா அணைக்கரையில் இரண்டு இரவுகள் கூடாரத்தில் தங்கும் முகாமை ஒழுங்கு செய்திருக்கிறார்கள். அவரவர் நாற்காலியை அவரவரே கொண்டுவர வேண்டும் என்று அறிவித்தார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காரத்தக்க மடக்கு நாற்காலி ஒன்றைக் கடையில் பார்த்தேன். வாங்கலாமா என்று என் கணவரைக் கேட்டேன். ‘இந்த வயதில் இது என்ன ஆடம்பரம்? பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்’ என்று சொல்லிவிட்டார். அவருக்கு இரவு வேலை, எனக்குப் பகல் வேலை. இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் நாங்கள் இருவரும் அருகருகே உட்கார்ந்தது மணமேடையிலும் ஊருக்குப் போகும் ரயிலிலும் மாத்திரமே. எனக்கு முழங்கால் வலி உண்டு. அவர் சற்றுப் பருத்த சரீரமுடையவர். இப்படிப்பட்ட நாற்காலியை வாங்குவது தவறா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?”

நாற்காலியைக் குறித்த கேள்வியாகத்தான் இது தொடங்குகிறது. ஆனாலும் சகோதரி நடுவில் எழுதியிருக்கும் ஒரு வரியை நான் பலமுறை வாசித்தேன். மணமேடைக்கும் ரயில் பெட்டிக்கும் நடுவே இருபத்திரண்டு வருடங்கள் கடந்துபோயிருக்கின்றன. ஆகையால் அவர்களுடைய இரண்டு கேள்விகளுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

ஆடம்பரமா?

சரீரத்துக்குச் சற்று இளைப்பாறுதல் தேடுவதே மாம்சத்துக்கு இடங்கொடுப்பது என்று எண்ணுகிறவர்கள் நம் நடுவில் உண்டு. நம்முடைய ஆண்டவர் சமாரியா நாட்டின் வழியாய் நடந்து களைத்தபோது, கிணற்றருகே உட்கார்ந்தார் என்று யோவான் எழுதியிருக்கிறார் (யோவான் 4:6). களைத்த சரீரம் உட்கார இடம் தேடுவது பாவமல்ல.

எலிசா தீர்க்கதரிசிக்காகச் சூனேம் ஊராளாகிய ஸ்திரீ ஆயத்தம்பண்ணிய மேலறையை நினைத்துப் பாருங்கள். கட்டில், மேஜை, விளக்கு ஆகியவற்றோடு நாற்காலியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது (2 இராஜாக்கள் 4:10). அதற்கு முந்தின வசனத்தையும் கவனிக்க வேண்டும். அவள் தன் கணவனோடு பேசி, இருவருமாக அந்தக் காரியத்தைச் செய்ய வேண்டும் என்று கேட்கிறாள். வீட்டுக்குள் வரும் ஒரு நாற்காலியைக் குறித்துக் கணவனும் மனைவியும் கலந்து பேசுவது, வேதத்தில் இடம்பெறத்தக்க காரியமாயிருந்தது.

ஆயினும் கோபுரம் கட்டுகிறவன் முதலாவது உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவர் போதித்திருக்கிறார் (லூக்கா 14:28). கடன் அட்டையின் பேரிலோ, பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தை எடுத்தோ இதை வாங்க வேண்டாம். சபையில் ஒருவரிடம் இருந்தால் இரவல் கேளுங்கள். இரண்டு இரவுகளுக்கு மாத்திரம் பயன்பட்டு, பிறகு பரணில் தூசி படியப்போகிற பொருளானால் அது வீண்செலவுதான். வருடம் முழுவதும் வீட்டிலும் பயன்படுமானால் அது செலவல்ல. இந்த இரண்டில் எது என்பதை நீங்கள் இருவரும் தீர்மானிக்க வேண்டும்.

பார்க்கிறவர்கள் சிரிப்பார்களா?

சகோதரருக்கு உள்ள கூச்சத்தை நான் அறிவேன். நம்முடைய ஆராதனைகளில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் மறுபக்கமும் உட்காருகிறோம். வீட்டில் அவர் நாற்காலியிலும் அவள் தரையிலும் அமர்வது நம்முடைய பழக்கம். இப்படியே வளர்ந்தவருக்கு, நாலுபேர் முன்னிலையில் மனைவியின் அருகில் அமர்வது என்னவோ போல இருக்கும்.

ஈசாக்கு கேராரில் குடியிருந்தபோது ரெபெக்காளைத் தன் சகோதரி என்று சொல்லிவைத்திருந்தான். ஒருநாள் அபிமெலேக்கு ராஜா ஜன்னல் வழியாய்ப் பார்க்கையில், ஈசாக்கு அவளோடு சிரித்து விளையாடிக்கொண்டிருந்தான். உடனே ராஜாவுக்கு உண்மை விளங்கிவிட்டது. இவள் இவனுடைய மனைவிதான் (ஆதியாகமம் 26:8, 9). ஒரு புறஜாதி ராஜா தூரத்திலிருந்து பார்த்த மாத்திரத்தில் இவர்கள் கணவன் மனைவி என்று அறிந்துகொண்டான். நம்மை ஜன்னல் வழியாய்ப் பார்க்கிறவர்கள் அப்படி அறிந்துகொள்ள நம்மிடம் என்ன இருக்கிறது? சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நம் பிள்ளைகள் அதைப் பார்த்து வளரட்டும்.

ஒரே சட்டம், தனித்தனி ஆசனம்

இனி நாற்காலிக்கு வருவோம். இருவர் அமரும் மடக்கு இருக்கைகள் கடைகளில் பெரும்பாலும் இரண்டு வகையாகக் கிடைக்கின்றன.

முதலாவது வகையில், ஒரு கைப்பிடியிலிருந்து மறு கைப்பிடி வரைக்கும் ஒரே அகலத் துணி கட்டப்பட்டிருக்கும். பார்வைக்கு இதுவே அழகாயிருக்கும். ஆனால் இருவர் உட்கார்ந்தவுடன் துணி நடுவில் தொய்யும். பாரமானவர் இருக்கும் பக்கம் பள்ளமாகும்; இலகுவானவர் அந்தப் பக்கமாய்ச் சரிவார். கால்மணி நேரத்தில் ஒருவருக்கு இடுப்பு வலிக்கும், மற்றவருக்கு மூச்சு முட்டும். ஒருவர் எழுந்தால் மற்றவருடைய ஆசனம் அசைந்து தாழும்.

இரண்டாவது வகையில், சட்டம் ஒன்றுதான். ஆனால் ஆசனத்துணி இருவருக்கும் தனித்தனியே இறுக்கப்பட்டிருக்கும். நடுவில் ஒரு தாங்கு கம்பியும் கால்களும் உண்டு. சிலவற்றில் நடுவே ஒரு கைப்பிடியும் இருக்கும். ஒருவருடைய பாரம் மற்றவரைச் சரிக்காது. அதே சமயத்தில் இருவரையும் சேர்த்துத் தாங்குவது அந்த ஒரே சட்டம்தான்.

சகோதரியே, உங்கள் இருவருக்கும் எடையில் வித்தியாசம் இருக்கிறபடியால், இந்த இரண்டாம் வகையையே தெரிந்துகொள்ளுங்கள்.

கலாத்தியர் 6-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலனாகிய பவுல் இரண்டாம் வசனத்தில், பிறருடைய சுமையைத் தாங்கும்படி நமக்குச் சொல்லுகிறார். ஐந்தாம் வசனத்தில், ஒவ்வொருவனுக்கும் அவன் தானே சுமக்க வேண்டிய சுமை உண்டென்றும் சொல்லுகிறார். இவை ஒன்றுக்கொன்று முரண்பட்டவை என்று நினைக்கிறவர்கள் ஒரு நல்ல இருவர் நாற்காலியைப் பார்த்தால் போதும். அதன் சட்டம் இரண்டாம் வசனம். அதன் ஆசனம் ஐந்தாம் வசனம். தன்னுடைய கோபம், தன்னுடைய சோம்பல், தன்னுடைய கடன் ஆகிய எல்லாவற்றையும் துணையின்மேல் சாய்த்துவிட்டு, இதுதான் ஐக்கியம் என்று சொல்லுகிறவர் ஒரே துணியில் உட்கார்ந்து மற்றவரைப் பள்ளத்தில் தள்ளுகிறவர். அவரவர் காரியத்தை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று பிரிந்திருப்பவர்களுக்கோ, தாங்குகிற சட்டமே இல்லை.

கடையில் கவனிக்க வேண்டியவை

1. இருவருமாய்ப் போங்கள். ஒருவர் போய் வாங்கிவரும் இருவர் நாற்காலி பெரும்பாலும் ஒருவருக்கே பொருந்தும். கடையில் விரித்து வைக்கச் சொல்லி, இருவரும் பத்து நிமிடமாவது உட்காருங்கள். ஒருவர் எழுந்து பாருங்கள். பிறகு மற்றவர் எழுந்து பாருங்கள். மீந்திருப்பவருடைய பக்கம் சாய்ந்தாலும், எதிர்ப்பக்கத்துக் கால் தரையைவிட்டு எழும்பினாலும் அதை வாங்க வேண்டாம்.

2. எடை வரம்பு. சீட்டில் அதிகபட்ச எடை அச்சிடப்பட்டிருக்கும். அது ஓர் ஆளுக்கா, மொத்தத்துக்கா என்று கேளுங்கள். கணவர் 88 கிலோ, மனைவி 66 கிலோ என்று வைத்துக்கொண்டால் 154 கிலோ. 20 கிலோ எடையுள்ள பேரப்பிள்ளை மடியில் ஏறினால் 174 கிலோ. அந்த வரம்பு அமைதியாய் அமர்ந்திருக்கும் எடைக்கு உரியது. தொப்பென்று விழுந்து உட்கார்ந்தால் அந்த நொடியில் சட்டத்தின்மேல் விழும் பாரம் அதைக் காட்டிலும் அதிகம். ஆகையால் மொத்தம் 200 கிலோவுக்கு மேல் தாங்கும் என்று எழுதியிருப்பதையே எடுங்கள். ஆசாரியனாகிய ஏலி வயதானவனும் பாரமான சரீரமுடையவனுமாய் இருந்து, ஆசனத்திலிருந்து பின்புறமாய் விழுந்து மாண்டுபோனான் என்பதை மறக்க வேண்டாம் (1 சாமுவேல் 4:18).

3. உயரம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதுவே முக்கியம். சாப்பாட்டு மேஜை நாற்காலியின் உயரம் ஏறக்குறைய 45 செ.மீ. முகாம் நாற்காலிகளில் சில 30 செ.மீ. உயரமே இருக்கும். அதில் உட்காருவது எளிது, எழுந்திருப்பது கடினம். அளக்கும்போது ஒருவரை உட்காரவைத்தே அளக்க வேண்டும். வெறுமையாய் இருக்கும்போது 45 செ.மீ. இருக்கும் துணி, ஆள் அமர்ந்தவுடன் சில செ.மீ. தாழ்ந்துவிடும். பாதம் தரையில் முழுவதும் படிய வேண்டும். முழங்கால் இடுப்பைவிட உயரமாய் எழும்பக் கூடாது. கையை ஊன்றி எழுந்திருக்கக் கைப்பிடி உறுதியாயிருக்க வேண்டும். துணியால் மாத்திரம் ஆன தொய்ந்த கைப்பிடி இதற்கு உதவாது.

4. சட்டம். இரும்புக் குழாய் பாரமானது, பலமுள்ளது, விலை குறைந்தது. ஆனால் மும்பை, சென்னை போன்ற கடற்கரை நகரங்களின் உப்புக்காற்றில், பூச்சு உரிந்த இடத்தில் துரு பிடிக்கும். அலுமினியம் இலகுவானது, துருப்பிடிக்காது. மெல்லிய குழாயானால் வளைந்துவிடும். எந்தச் சட்டமானாலும் மூட்டுகளைப் பாருங்கள். குழாய்கள் சந்திக்கும் இடத்திலுள்ள பிளாஸ்டிக் பாகங்களே பெரும்பாலும் முதலாவது வெடிக்கும். தறையாணிகள் ஆடாமல் இருக்க வேண்டும்.

5. துணி. சீட்டில் 600டி பாலியெஸ்டர் என்று போட்டிருப்பார்கள். டி என்பது டெனியர். 9,000 மீட்டர் நீளமுள்ள நூலின் எடை எத்தனை கிராமோ, அதுவே அந்த நூலின் டெனியர். எண் பெரிதானால் நூல் தடிமனானது. 300டி-யைக் காட்டிலும் 600டி நீடித்து உழைக்கும். துணி சட்டத்தோடு சேரும் ஓரங்களில் இரட்டைத் தையல் இருக்கிறதா என்று பாருங்கள். முதுகுப் பக்கம் வலைத்துணியாயிருந்தால் புழுக்கத்தில் காற்றோட்டம் கிடைக்கும்.

6. தூக்கிச் செல்லும் பாரம். இருவர் நாற்காலி பெரும்பாலும் 6 முதல் 10 கிலோ வரை இருக்கும். பாவனா கரைக்குச் சபையார் பேருந்து வைத்தால் கவலையில்லை. மாத்தேரானுக்குச் செல்லுகிறவர்கள் யோசிக்க வேண்டும்; தஸ்தூரிக்கு அப்பால் நம்முடைய சொந்த வாகனம் போகாது. ரயிலில் செல்லுகிறவர்கள் மடித்த நீளத்தை அளந்து பாருங்கள். பெட்டிக்குள் நம்மோடு கொண்டுபோகும் சாமானுக்கு ரயில்வே குறித்திருக்கும் அளவு 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம். 100 செ.மீ-க்குள் மடியும் நாற்காலியானால் வீட்டிலும் கதவின் பின்னால் நிறுத்திவைக்கலாம்.

இவையெல்லாம் பொருந்திய இருவர் நாற்காலி கிடைக்காவிட்டால் வருத்தப்பட வேண்டாம். ஒரே உயரமுள்ள இரண்டு தனி மடக்கு நாற்காலிகளை வாங்குங்கள். ஆளுக்கொன்று தூக்கிக்கொண்டு போகலாம். ஒரேயொரு எச்சரிப்பு: தனி நாற்காலிகள் நம்முடைய வழக்கப்படி ஒன்று ஆண்கள் பக்கமும் மற்றொன்று பெண்கள் பக்கமும் போய்விடும் குணமுடையவை. அவற்றைச் சேர்த்து வைப்பது உங்கள் பொறுப்பு.

முகாமில்

மழைக்குப் பின் அணைக்கரையின் மண் இளகியிருக்கும். இருவர் நாற்காலி நீளமானது. ஒரு பக்கத்துக் கால் புதைந்தால் சட்டம் முறுக்கிக்கொண்டு மூட்டுகள் பழுதாகும். சமமான இடத்தைத் தெரிந்துகொண்டு, கால்களின் கீழே தட்டையான கற்களையோ பலகைத் துண்டுகளையோ வையுங்கள். தீ மூட்டி ஜெபிக்கும் இரவில், பொறி பறந்து விழாத தூரத்தில் போடுங்கள். பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். விரிக்கும்போதும் மடக்கும்போதும் சிறுபிள்ளைகளின் விரல்களையும் சேலை முந்தானையையும் மூட்டுகளுக்கு விலக்கிக் காத்துக்கொள்ளுங்கள். பனியில் நனைந்த துணியை வெயிலில் உலர்த்தின பிறகே உறையில் போட வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்து நாறும்.

முகாமை நடத்தும் ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. காலை ஐந்து மணி ஜெபம் தொடங்கி இரவு பத்து மணிச் சாட்சி வரைக்கும் நேரத்தை நிரப்பிவிட்டு, அதற்குக் குடும்ப முகாம் என்று பெயரிடுகிறோம். ஒரு மாலையில் ஒரு மணிநேரத்தையாவது கூட்டமில்லாமல் விட்டுவிடுங்கள். கணவனும் மனைவியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும். துணையை இழந்தவர்களும், துணை இன்னும் சபைக்கு வராதவர்களும் அந்த வேளையில் தனித்து நிற்காதபடி, மூத்த விசுவாசிகள் அவர்களுக்கு அருகே போய் அமரட்டும். இருவர் நாற்காலியில் ஒரு விதவைத் தாயும் ஒரு வாலிபப் பிள்ளையும் உட்கார்ந்தால் அதுவும் அழகுதான்.

நாற்காலி வீட்டுக்கு வந்த பின்பு

ஊரில் நம் வீடுகளுக்குத் திண்ணை இருந்தது. மாலையில் அதில் அமர்ந்து பேசினோம். நகரத்தின் ஒற்றை அறை வீட்டில் திண்ணைக்கு இடமில்லை; கட்டிலே சோபா, அதுவே சாப்பிடும் இடம், அதுவே பிள்ளைகள் படிக்கும் இடம். அவர் இரவில் போகிறார், அவள் காலையில் போகிறாள். சாவியைக் கைமாற்றிக்கொள்ளும் நேரமே சந்திக்கும் நேரம். இதில் யாருடைய குற்றமும் இல்லை. பிழைப்பு அப்படி அமைந்திருக்கிறது. ஆனால் வருடங்கள் நமக்காக நிற்பதில்லை.

நம்மைப்போலவே பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போன ஒரு தம்பதியரை வேதம் காட்டுகிறது. பொந்து தேசத்தானாகிய ஆக்கில்லாவும் அவன் மனைவி பிரிஸ்கில்லாளும், ஏறக்குறைய கி.பி. 49-இல் கிலவுதியு ராயனுடைய கட்டளையினால் ரோமாபுரியை விட்டுக் கொரிந்துக்கு வந்தார்கள் (அப். 18:2). அங்கிருந்து எபேசுவுக்குப் போனார்கள். அவர்களுடைய தொழில் கூடாரம் செய்வது. புதிய ஏற்பாட்டில் ஆறு இடங்களில் அவர்களைப்பற்றி எழுதியிருக்கிறது. ஆறு இடங்களிலும் இருவரையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. ஒருவரைத் தனியாகச் சொன்ன ஓர் இடமும் இல்லை. அப்பொல்லோவைத் தங்களிடத்தில் சேர்த்துக்கொண்டு விளக்கிச் சொன்னபோதும் இருவருமே இருந்தார்கள் (அப். 18:26). அவர்கள் நாள்முழுதும் உழைத்தவர்கள். ஓய்வுள்ள செல்வந்தர்கள் அல்ல. அப்படியிருந்தும் சபை அவர்களை இருவராகவே நினைவுகூர்ந்தது.

ஆகையால் சகோதரியே, நாற்காலியை வாங்கினால் முகாம் முடிந்ததும் உறையில் போட்டுக் கட்டிவிடாதிருங்கள். வாரத்தில் இருவருக்கும் பொதுவான ஒரு வேளையைக் கண்டுபிடியுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த பிற்பகலாயிருக்கலாம். மொட்டை மாடியிலோ வராந்தாவிலோ அதை விரித்து, அரைமணி நேரம் இருவரும் உட்காருங்கள். கைபேசியை வீட்டிலே விட்டுவிடுங்கள். அந்த அரைமணி நேரத்தில் கடனைக் குறித்தும் பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் குறித்தும் பேச வேண்டாம். அவற்றுக்கு வேறு நேரம் உண்டு. பேச ஒன்றும் தோன்றாவிட்டால் சும்மா இருங்கள். பலநாள் பேசாதவர்களுக்கு முதலில் மவுனந்தான் வரும். அது கெட்ட மவுனமல்ல. எழுந்திருக்குமுன் ஒருவர் கையை ஒருவர் பிடித்து ஒரு சிறு ஜெபம் செய்யுங்கள்.

சகோதரருக்கும் ஒரு வேண்டுகோள். ஐயா, உங்கள் மனைவி உங்களிடம் கேட்டது துணியும் குழாயுமான ஒரு பொருளை மாத்திரமல்ல. இருபத்திரண்டு வருடம் உழைத்த பிறகும், உங்கள் அருகில் உட்கார வேண்டும் என்று அவர்கள் விரும்புகிறார்கள். இப்படிக் கேட்கப்படாத கணவர்கள் அநேகர் உண்டு. கடைக்கு அவர்களோடு நீங்களும் போங்கள். அவர்களுடைய முழங்காலுக்கு ஏற்ற உயரத்தை நீங்களே அளந்து பாருங்கள். விலை கட்டாமற்போனால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டாலும் போதும். உட்காருகிறவர்கள் இருவராயிருந்தால் அது இருவர் நாற்காலிதான்.

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, பிழைப்பின் நிமித்தம் தூரதேசங்களில் குடியிருக்கும் எங்கள் குடும்பங்களைக் கண்ணோக்கியருளும். பகலும் இரவும் மாறி மாறி உழைக்கும் கணவன் மனைவியருக்குச் சேர்ந்து இளைப்பாறும் வேளைகளைத் தாரும். அவரவர் சுமையைச் சுமக்கப் பெலனையும், ஒருவரையொருவர் தாங்க அன்பையும் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.